செவிக்குள் ஏற்றும் விளக்கு

(பத்து காவான் ஆலய மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவ முகாமில், நிர்வாகக் குழு உறுப்பினரான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ முகாமில் பேச ஒரு மருத்துவரை அழைப்பதுதான் முறை. கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியுமாக ஆயுளைக் கழித்த என்னை அழைத்திருக்கிறார்கள். இருந்தாலும், தலைப்பு காது நோயும் ஸ்கேன் பரிசோதனையும் என்று தலைவர் சொன்னவுடன் நான் மறுக்காமல் ஒப்புக்கொண்டேன். காதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கடன்.

நம் சமயம் பக்தியை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். திருவள்ளுவரும் கேள்விக்கென்று 42-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். குழந்தைக்குக் காது குத்துவதைக் குடும்ப விழாவாகக் கொண்டாடுகிறோம். தோடும் கடுக்கனும் போட்டு வெளிக்காதை அழகு பார்க்கும் நாம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

நான் திருகிய காது

1984-ஆம் ஆண்டு. ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் நான் இளம் ஆசிரியர். நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். தகப்பனார் பால்மரம் வெட்டுபவர். பையனுக்கு இடக் காது வடியும். நாற்றம் அடிக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் முறையிட்டார்கள். அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். அங்கிருந்து அவனுக்கு நான் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. வாய்ப்பாட்டில் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வான். மந்தமான பிள்ளை என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் கோபத்தில் அவன் காதைப் பிடித்துத் திருகினேன். திருகியது அந்த இடக் காதைத்தான்.

அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சில வாரங்களில் அவனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது 1985-இல்தான். ஆகவே தகப்பனார் பிள்ளையைத் தோட்டத்து லோரியில் பட்டர்வொர்த் வரை கொண்டு போய், பெர்ரியில் ஏற்றித் தீவுக்குக் கொண்டு போனார். மறுநாள் நானும் போனேன். மருத்துவர் ஓர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டினார். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் சீழ் கோத்திருக்கிறது என்றும், அது எவ்வளவு தூரம் அரித்துப் போயிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். திறந்து பார்த்தார்கள். பிள்ளை பிழைத்தான். இடக் காதின் செவித்திறன் மட்டும் திரும்பவில்லை.

திறந்து பார்த்தால்தான் தெரியும் என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. நாற்பது ஆண்டுகளில் அந்தச் சொல் எப்படி மாறிவிட்டது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன்.

பட்டாணி அளவு அறை

காதுத் துவாரத்தின் முடிவில் செவிப்பறை இருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு சிறிய காற்றறை. அதுதான் நடுச்செவி. அதற்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அங்கவடி எலும்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். மனித உடம்பிலேயே சிறிய எலும்பு அதுவே. தேவாரமும் நாதஸ்வரமும் தாயின் குரலும் இந்த மூன்று எலும்புகளின் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கையாகவும் இருக்கும். சளி பிடித்தால் கிருமி அவ்வழியே எளிதில் ஏறிவிடும். அதனால்தான் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது நடுச்செவியில் அழற்சி வருகிறது.

இந்தச் சிறிய அறைக்கு அமைந்த அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மேலே மெல்லிய எலும்புக் கூரை. கூரைக்கு மேல் மூளை. பின்னால் தேன்கூடு போல் காற்றுப் பைகள் நிறைந்த எலும்பு. அதை ஒட்டி மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெரிய நாளம். உட்புறச் சுவரிலே முகத்தை அசைக்கும் நரம்பு. அதற்கும் உள்ளே, நாம் தள்ளாடாமல் நிற்க உதவும் வளைகுழல்கள். சீழ் அங்கே தங்கிவிட்டால் எந்தச் சுவரை முதலில் அரிக்கும் என்று வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

பார்க்க முடியாமல் போன காலம்

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. டென்மார்க் மன்னரின் மருத்துவர் வான் பெர்கர் 1791-இல் காதுக்குப் பின்னுள்ள எலும்பைத் திறக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சில நாட்களில் மூளைச் சவ்வு அழற்சியால் இறந்தார். அந்தப் பயத்தில் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அந்தச் சிகிச்சையை மருத்துவ உலகமே தள்ளி வைத்தது. 1873-இல் ஜெர்மனியின் சுவார்ட்சே அதை முறைப்படுத்திய பிறகுதான் மீண்டும் துணிவு வந்தது.

அயர்லாந்தில் வில்லியம் வைல்டு என்ற புகழ்பெற்ற காது மருத்துவர் இருந்தார். காதுக்குப் பின்னால் கீறிச் சீழை வெளியேற்றும் ஒரு முறை அவர் பெயராலேயே வழங்கியது. அவருடைய மகன் ஆஸ்கார் வைல்டு, உலகறிந்த நாடக ஆசிரியர். அந்த மகன் 1900 நவம்பர் 30 அன்று பாரிஸில் தம் 46-ஆம் வயதில் இறந்தார். நெடுநாள் காது நோய் மூளைவரை பரவியதே காரணம் என்று இன்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். காது மருத்துவரின் மகனுக்கே அந்த நிலை என்றால், தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

1895-இல் ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். காது எலும்பையும் படம் எடுத்தார்கள். ஆனால் எக்ஸ்ரே என்பது நிழல். கற்பூரத் தட்டை ஏந்தி மண்டபத்தில் நின்றால், கொடிமரம், பலிபீடம், நாம் எல்லோரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சுவரில் நிழலாக விழுவோம். எது யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தலை எலும்பு முழுவதன் நிழலும் சேர்ந்து விழும் படத்தில், 3 மில்லிமீட்டர் எலும்பை எங்கே தேடுவது?

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நம் வீடுகளில் முன்பு எச்.எம்.வி. இசைத்தட்டு இருக்கும். ஒரு நாய் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் படம் போட்டிருக்கும், நினைவிருக்கிறதா? அந்தச் சின்னத்தைக் கொண்ட இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் இருந்தார். தலையைச் சுற்றிலும் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே பாய்ச்சி, கணினியைக் கொண்டு அவற்றைக் கணக்கிட்டால், தலையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தது போல் படம் கிடைக்கும் என்று காட்டினார். வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கி ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்ப்பது போல. 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் ஒரு பெண்மணிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணிதத்தைத் தனியே வகுத்த ஆலன் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முதல் கருவி வெட்டிய துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் தடித்தவை. மூளைக் கட்டிக்கு அது போதும், காதுக்குப் போதாது. படிப்படியாகத் துண்டு மெலிந்தது. இன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் அங்கவடி எலும்பையும் காண முடிகிறது.

எது தெரியும், எது தெரியாது

இங்கேதான் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் எலும்பைத் தெளிவாகக் காட்டும். மூன்று எலும்புகளும் முழுதாக இருக்கின்றனவா, மூளைக்குக் கீழுள்ள கூரையில் ஓட்டை விழுந்திருக்கிறதா, முக நரம்பின் எலும்புக் குழாய் எந்த வழியே போகிறது என்பதையெல்லாம் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே காட்டிவிடும். ஊருக்குப் போகுமுன் வழி கேட்டு வைத்துக்கொள்வது போல, கத்தியை எடுக்குமுன் மருத்துவர் வழியைத் தெரிந்துகொள்கிறார்.

ஆனால் நடுச்செவியில் நிறைந்திருப்பது வெறும் நீரா, வீங்கிய சதையா, அல்லது கொலெஸ்டியடோமாவா என்பதை சி.டி. ஸ்கேனால் பல வேளைகளில் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கொலெஸ்டியடோமா என்பது தோல் வளரக்கூடாத இடத்தில் வளர்ந்து, உதிர்ந்து, உருண்டையாகத் திரள்வது. புற்றுநோய் அல்ல. ஆனால் கறையான் மரத்தை அரிப்பது போல மெதுவாக எலும்பை அரிக்கும். நாற்றமடிக்கும் சீழ் விடாமல் வடிவது அதன் அடையாளங்களில் ஒன்று.

அதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒரு தனி முறை இருக்கிறது. அதில் கொலெஸ்டியடோமா பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சில மில்லிமீட்டர் அளவுள்ளதும் அகப்படும். முன்பெல்லாம் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இரண்டாம் முறை காதைத் திறப்பார்கள். இன்று பலருக்கு அந்த இரண்டாம் கத்தியை இந்த ஸ்கேன் தவிர்த்துவிடுகிறது. சீழ் மூளைப்பக்கம் போயிருக்கிறதா, இரத்த நாளம் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும் ஸ்கேன்தான் வழி.

அப்படியானால் காது வலி என்றவுடன் ஸ்கேன் எடுத்துவிடலாமா? கூடாது. சாதாரணக் காது வலிக்கு, மருத்துவர் கையிலிருக்கும் சிறு விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்த்தாலே போதும். சிவந்து புடைத்திருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில நாட்களில் குணமாகிவிடும். சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு ஒரு மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. வளரும் பிள்ளைகளின் உடம்பு கதிர்வீச்சுக்குப் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும், சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம்.

நம் குழுவுக்கு வந்த பாடம்

அண்மையில் நம் நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குக் காது வலி. தனியாரிடம் ஸ்கேன் எடுக்கப் பண உதவி வேண்டும் என்று தகப்பனார் எழுதியிருந்தார். ஸ்கேன் என்ற சொல்லைப் பார்த்தவுடன் நாங்கள் பதறிவிட்டோம். தொகையை ஒதுக்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். மறுநாள் ஒரு மருத்துவர் குழந்தையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, இது சளியால் வந்த அழற்சி, ஸ்கேன் வேண்டாம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் குழந்தை ஓடி விளையாடியது.

அதே மாதம், ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பில் ஒரு சிறுமியைக் கவனித்தேன். பன்னிரண்டு வயது. நான் பாடும்போதெல்லாம் தலையைச் சாய்த்து வலக் காதைத் திருப்புவாள். தனியாக ஒரு மூலையில்தான் உட்காருவாள். எனக்கு 1984 நினைவுக்கு வந்தது. பக்கத்தில் போனேன். அந்த நாற்றம் எனக்குத் தெரிந்த நாற்றம்.

தாயார் தொழிற்சாலையில் முறை வேலை பார்ப்பவர். எத்தனை நாளாக வடிகிறது என்று கேட்டேன். “அஞ்சு வயசிலேருந்து இருக்கு சார். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துவேன். நிக்கும், மறுபடி வரும்” என்றார். “ஏன் கோயிலில் சொல்லவில்லை அம்மா?” என்றேன். “காது வடியறதுக்கெல்லாம் கோயில் பணத்தைக் கேக்கலாங்களா சார்?” என்றார்.

ஏழு ஆண்டு வடிந்த காதுக்கு விண்ணப்பம் இல்லை. இரண்டு நாள் வலித்த காதுக்கு விண்ணப்பம் வந்துவிட்டது. இரு பெற்றோர் மீதும் குற்றமில்லை. யாருக்கு ஸ்கேன் தேவை என்று நமக்குத் தெரியாததுதான் குற்றம்.

அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி, சிறுமியை நிபுணரிடம் அழைத்துப் போனோம். நுண்ணோக்கியில் காதைப் பார்த்தார்கள், செவித்திறனை அளந்தார்கள், அதன் பிறகே சி.டி. ஸ்கேன். மருத்துவர் கணினித் திரையில் துண்டு துண்டாக நகர்த்திக் காட்டினார். பட்டடை எலும்பில் பாதி இல்லை. மூளைக்குக் கீழுள்ள கூரை ஓரிடத்தில் வெங்காயத் தோல் போல் மெலிந்திருந்தது. இன்னும் ஓட்டை விழவில்லை. எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்று அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று அன்று கேட்ட நான், திறக்குமுன்பே எல்லாவற்றையும் கண்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து சற்று உட்கார்ந்துகொண்டேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காது காய்ந்துவிட்டது. கேட்கும் திறன் ஓரளவு திரும்பியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

இது நம் ஒரு ஊரின் கதை அல்ல. உலகில் 6 கோடியே 50 இலட்சம் முதல் 33 கோடி மக்கள் வரை காது வடியும் நோயோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2004-இல் கணக்கிட்டது. அவர்களில் 60 விழுக்காட்டினருக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1990-களில் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளின் காதுகளைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஆறு பேர் அளவில் நாள்பட்டுக் காது வடிவதைக் கண்டார்கள். அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். எண்ணெய்க் கிண்ணமும் கோழி இறகும் நம்மோடு கப்பலேறி வந்தன.

தாய்மார்களே, வடியும் காதில் எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதையும் ஊற்றாதீர்கள். கோழி இறகும் கொண்டை ஊசியும் வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் காத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் அழற்சிக் கிருமிக்கான தடுப்பூசியை நம் அரசாங்கம் 2020-இல் இலவசத் திட்டத்தில் சேர்த்தது. அதே கிருமி காதையும் தாக்கும். தடுப்பூசியைத் தவற விடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் காது வடிந்தால் காத்திருக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் நம் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றல், காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது ஸ்கேன் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்கவும் கூடாது. 2014 மார்ச்சில் நம் பத்து காவானிலிருந்தே தீவுக்கு இரண்டாம் பாலம் திறந்துவிட்டது. தோட்டத்து லோரியும் பெர்ரியும் தேடிய காலம் போய்விட்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பிள்ளை மந்தம் என்று எழுதுமுன், அவனுக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். காது வடியும் பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

கொடையாளர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். ஆண்டுதோறும் பள்ளி தொடங்குமுன் இந்த மண்டபத்தில் ஒரு நாள், நம் பிள்ளைகள் எல்லோருடைய காதுகளையும் மருத்துவர் பார்க்க வேண்டும். நிபுணரிடம் போக வேண்டிய பிள்ளைக்கு வண்டிச் செலவையும், வேலைக்குப் போகாத நாளின் கூலியைத் தாய்க்கும் நாம் தர வேண்டும். நிபுணர் கேட்கும் ஸ்கேனுக்குப் பணம் குறைந்தால் அதையும் கொடுப்போம். முதலில் விளக்கு, பிறகு ஸ்கேன். இந்த வரிசை மாறக்கூடாது.

கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. காதுக்குள் பார்க்கும் விளக்கு மிகச் சிறியது. அதில் யார் பெயரையும் எழுத இடமில்லை. இருந்தாலும் கொடுங்கள்.

அந்தப் பையன் இன்று ஐம்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவர். திருவிழாவில் பால்குடம் எடுப்பார். என்னைக் கண்டால் வலக் காதைத் திருப்பிக்கொண்டு நின்று பேசுவார். ஒரு முறை மன்னிப்புக் கேட்டேன். “அதையெல்லாம் இன்னுமா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க வாத்தியாரய்யா?” என்று சிரித்தார். ஆம், நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று கூட்டத்தின் தொடக்கத்தில் இறை வணக்கம் பாடிய சிறுமியை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அவள்தான் நான் சொன்ன பிள்ளை. தலையைச் சாய்க்காமல், நிமிர்ந்து நின்று பாடினாள்.